கொட்டாங்குச்சியில் டீ... ஒதுக்கி வைக்கப்படும் மனிதருக்குள் என்ன நடக்கிறது?

2024 பிப்ரவரி. தருமபுரி மாவட்டம், மொரப்பூர் அருகே ஒரு கிராமம். விவசாயக் கூலி வேலைக்குப் போன பட்டியல் சமூகப் பெண்களுக்கு வேலைக்கு நடுவே டீ கொடுக்கப்பட்டது. டம்ளரில் அல்ல, கொட்டாங்குச்சியில். அந்தக் காட்சி வீடியோவாக செல்போன்களில் பரவ, விஷயம் காவல் நிலையத்துக்குப் போனது. புகாரின் பேரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவு செய்யப்பட்டு, இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள்.

செய்தியைப் பார்த்த பலருக்கும் கோபம் வந்தது. ஆனால், இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் கூடவே இன்னொரு குரலும் கேட்கும். ``டீ கொடுத்தாங்கல்ல? எதுல கொடுத்தா என்ன? அடிச்சாங்களா, திட்டினாங்களா? இதுக்கெல்லாமா கேஸு?''

அடிக்காமல், திட்டாமல், ஒருவரை வெறுமனே தள்ளி வைத்தால் அவருக்கு என்ன ஆகிவிடும்? உளவியல் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பதில், `டீதானே' என்று சொல்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

பூங்காவில் நின்றுபோன விளையாட்டு

கிப்ளிங் வில்லியம்ஸ் அமெரிக்க உளவியல் பேராசிரியர். ஒருநாள் தன் நாயுடன் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் ஃபிரிஸ்பீ தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தட்டு தவறி இவர் பக்கம் வந்து விழ, எடுத்து வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கே வீசினார்கள். முன்பின் தெரியாத மூன்று பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்து விளையாடினார்கள். பிறகு, காரணம் எதுவும் சொல்லாமல் அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அவர்கள் யாரென்றே வில்லியம்ஸுக்குத் தெரியாது. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் மனது சுருக்கென்றது. அந்த வலி ஏன் என்று யோசித்தவருக்கு, இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் `சைபர்பால்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு.

விளையாட்டு ரொம்ப எளிது. திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி வீசிக்கொள்வார்கள். அதில் ஒருவர் நீங்கள். மற்ற இருவரும் வேறு எங்கிருந்தோ விளையாடுகிறார்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மையில் அந்த இருவரையும் இயக்குவது கம்ப்யூட்டர்தான். ஆரம்பத்தில் ஓரிரு முறை உங்களுக்குப் பந்து வரும். அதன்பிறகு வரவே வராது. அவ்வளவுதான் சோதனை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

2000-ம் ஆண்டு வெளியான ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையம் வழியாக இதை விளையாடினார்கள். பந்து கிடைக்காதவர்களின் மனநிலை தெளிவாகச் சரிந்திருந்தது. முகம் தெரியாதவர்கள், பரிசு இல்லாத விளையாட்டு, வெறும் திரையில் ஓடும் பந்து... அதற்கே இந்தப் பாதிப்பு.

`கம்ப்யூட்டர்தான்' என்று தெரிந்தாலும் வலிக்கிறது

அடுத்தடுத்து வந்த சோதனைகள் இன்னும் ஆச்சர்யமானவை. `உங்களுடன் விளையாடுவது மனிதர்கள் இல்லை, கம்ப்யூட்டர்தான்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விளையாட விட்டார்கள். அப்போதும் வலித்தது. பந்து வந்தால் உங்களுக்குப் பண நஷ்டம் என்ற விதியை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும், பந்து வராதவர்கள் வருத்தப்பட்டார்கள். எல்லோரும் வெறுக்கும் இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள்தான் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் அதே வலிதான்.

2015-ல் ஆய்வாளர்கள் சிலர் சைபர்பால் சோதனைகள் 120-ஐ ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 11,869 பேர் கலந்துகொண்ட சோதனைகள் அவை. ஒதுக்கப்படுவதன் முதல் தாக்கம் மிக வலுவானது என்பது அதிலும் உறுதியானது.

`நான் இதையெல்லாம் கண்டுக்க மாட்டேன்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், முதல் சில நொடிகளில் நம்மைக் கேட்டுக்கொண்டு வலி வருவதில்லை. நெருப்பில் கை பட்டால் யோசித்துவிட்டா இழுக்கிறோம்? அதுபோலத்தான்.

மூளை என்ன சொல்கிறது?

2003-ல் கலிஃபோர்னியாவில் நவோமி ஐசன்பெர்கர், மாத்யூ லீபர்மேன் ஆகியோர் வில்லியம்ஸுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 13 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, சைபர்பால் விளையாட வைத்தார்கள். பந்து வராமல் போனபோது மூளையில் எந்தப் பகுதி விழித்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். உடம்பில் அடிபட்டால் ஏற்படும் வேதனையுடன் தொடர்புடைய ஒரு பகுதி, ஒதுக்கப்பட்டபோதும் வேலை செய்தது.

கலந்துகொண்டவர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். உடல் வலியும் மன வலியும் மூளையில் எந்த அளவுக்கு ஒன்று என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால், `மனசுல அடிச்ச மாதிரி இருந்துச்சு' என்று நம் ஊர் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல என்பதை அந்தச் சோதனைக்குப் பிறகு ஆய்வுலகம் தீவிரமாக எடுத்துக்கொண்டது.

இரண்டு வலிகளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசமும் இருக்கிறது. சின்ன வயதில் கை முறிந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். வலித்தது என்று ஞாபகம் இருக்கும், ஆனால் வலி திரும்பி வராது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் உங்களை மட்டும் தள்ளி உட்கார வைத்ததை நினைத்துப் பாருங்கள். இப்போதும் முகம் சூடாகும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே உறுதிப்படுத்தியது. உடல் வலியைவிட, மனிதர்களால் ஏற்பட்ட வலியை மனது மீண்டும் மீண்டும் அனுபவிக்கிறது. கொட்டாங்குச்சியில் டீ குடித்தவருக்கு டீ அன்றோடு முடிந்துவிடும். அந்த நிமிடம் முடியாது.

பறிபோகும் நான்கு விஷயங்கள்

ஒதுக்கி வைக்கும்போது ஒரு மனிதரிடமிருந்து நான்கு விஷயங்கள் பறிபோகின்றன என்கிறார் வில்லியம்ஸ்.

முதலாவது, `நானும் இவங்கள்ல ஒருத்தர்' என்ற உணர்வு. இரண்டாவது, சுயமரியாதை. மூன்றாவது, நிலைமை கொஞ்சமாவது தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை. சண்டை என்றால் பதிலுக்குப் பேசலாம். பேசவே மாட்டேன் என்பவரிடம் என்ன பேசுவது? நான்காவது, தான் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வு. வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் இருக்க, நீங்கள் மட்டும் கண்ணுக்கே தெரியாதவர்போல நடத்தப்பட்டால் இதுதான் முதலில் ஆட்டம் காணும்.

ஒருநாள், இரண்டு நாள் என்றால் மனிதர்கள் மீண்டுவிடுவார்கள். சிலர் எப்படியாவது திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்று அளவுக்கு மீறிப் பணிந்துபோவார்கள். சிலர் கோபத்தில் வெடிப்பார்கள். ஆனால், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால்? வில்லியம்ஸ் அந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர், `கைவிட்டுவிடும் நிலை'. எதிர்ப்பதையும் நிறுத்திவிடுவார்கள், கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். தனிமை, மனச்சோர்வு, `நமக்கு அவ்வளவுதான்' என்ற எண்ணம் ஆகியவை அங்கே குடியேறிவிடும்.

`அவங்களே ஒண்ணும் சொல்லலையே, காலங்காலமா இப்படித்தானே நடக்குது' என்று கிராமங்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்லாமல் இருப்பதால் வலிக்கவில்லை என்று அர்த்தம் ஆகாது. பலமுறை வலித்த பிறகு வரும் மௌனமாகவும் அது இருக்கலாம்.

சாதியை அறிவித்ததும் சரிந்த மதிப்பெண்

பூங்கா விளையாட்டில் ஒதுக்கப்படுவதும், பிறப்பால் ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல. பூங்காவை விட்டு எழுந்து வந்துவிடலாம். ஊரையும் பிறப்பையும் விட்டு எங்கே போவது? இந்த இடத்தில் நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமானது.

பொருளாதார ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமங்களில் 6, 7-ம் வகுப்பு மாணவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு புதிரை முடித்தால் ஒரு ரூபாய். மாணவர்களின் சாதியைப் பற்றிப் பேசாமல் புதிரைக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களும் மற்ற மாணவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு புதிர்களை முடித்தார்கள். அடுத்து, ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது.

பையன்களின் அறிவு சில நிமிடங்களில் குறைந்துவிடவில்லை. `நீ யார், உன் இடம் எது' என்று நினைவூட்டியதுதான் நடந்தது. தனி டம்ளர், தனி வரிசை, தனி பெஞ்ச் ஆகியவை ஒவ்வொரு நாளும் செய்வதும் இதே நினைவூட்டலைத்தான். அது வயலில் நிற்கும் அம்மாவுக்கு மட்டும் நடப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளையும் சேர்ந்துதான் கற்றுக்கொள்கிறது.

ரயிலில் ஏறத் தடை... பாப்பாரப்பட்டி சொல்லும் கதை

ஒதுக்கி வைத்தல் சாதியோடு மட்டும் நிற்பதில்லை. நோய், விதவைக் கோலம், குழந்தையின்மை, மாற்றுப் பாலினம் என எந்தக் காரணமும் அதற்குப் போதும். தருமபுரி மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சியாக ஓர் ஊர் இருக்கிறது.

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ல் வத்தலகுண்டில் பிறந்தவர். வ.உ.சி-யுடன் சேர்ந்து மேடையேறியதற்காக 1908-ல் சிறைக்குப் போனார். சிறை வாழ்க்கை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தது. விடுதலையாகி வந்தும் அவர் பேச்சு ஓயவில்லை. அவரைத் தடுக்க ஆங்கிலேய அரசு கையில் எடுத்தது அந்த நோயைத்தான். தொழுநோயாளி என்று சொல்லி, ரயிலில் பயணம் செய்யத் தடை போட்டது. சிவா உட்காரவில்லை. உடம்பெல்லாம் புண்ணோடு நடந்தும், கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்தது பாப்பாரப்பட்டி. நண்பர்களின் உதவியோடு 1923-ல் அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பும் கனவுடன் ஆசிரமம் தொடங்கினார். 1925 ஜூலை 23-ம் தேதி அதே ஊரில், 40 வயதில் காலமானார். இன்று அவர் பெயரில் அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

தொழுநோய் இன்று கூட்டு மருந்து சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய். ஆனால், குணமான பிறகும் ஒதுக்கல் எளிதில் போகவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி நம் சட்டத்தில் 2019 வரை இருந்தது. மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதை நீக்கினார்கள்.

வரி வாங்க மாட்டார்கள்

இதன் உச்சகட்டம்தான் `ஊர்விலக்கு'. ஒரு குடும்பத்தை ஊரே சேர்ந்து தள்ளி வைப்பது. ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அடையாளங்கள் தெரியும். திருவிழாவுக்கு அந்த வீட்டில் வரி வாங்க மாட்டார்கள். கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள். கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல்படி ஏற மாட்டார்கள். மீறிப் பேசினால், பேசியவருக்கும் அபராதம்.

வெளியே இருந்து பார்த்தால், `வரி மிச்சம்தானே' என்று தோன்றலாம். வரி வாங்காமல் விடுவது, நீ இந்த ஊர்க்காரனே இல்லை என்று சொல்வது. வில்லியம்ஸ் சொல்லும் நான்கு விஷயங்களையும் ஒரே நேரத்தில் பறிக்கும் தண்டனை அது.

இது குற்றமாக அறிவிக்கப்பட வேண்டும் என்ற குரல் இந்தியாவில் புதிதல்ல. 1930-ல் லண்டனில் தொடங்கிய வட்டமேஜை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக டாக்டர் அம்பேத்கரும், தமிழ்நாட்டைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டார்கள். இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பதும் இருந்தது. பர்மாவில் 1922-ல் வந்த புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார்கள். வேலை மறுப்பது, நிலம் மறுப்பது, சாமான் மறுப்பது என்று கையால் அடிக்காமலே ஒரு சமூகத்தை முடக்கிவிட முடியும் என்பது அவர்களுக்கு எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

* அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. எந்த வடிவத்தில் கடைப்பிடித்தாலும் குற்றம்.

* பட்டியல் சமூகத்தினர், பழங்குடியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-ல் செய்யப்பட்ட திருத்தத்தில் இது சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் கிடைக்கும்.

* ஒரே சாதிக்குள் நடக்கும் ஊர்விலக்கையும் சேர்த்துத் தடுக்க, சமூகப் புறக்கணிப்புக்கு எதிரான தனிச்சட்டத்தை மகாராஷ்டிரா கொண்டுவந்தது. 2017 ஜூலை முதல் அமலில் உள்ள அந்தச் சட்டப்படி, 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கொட்டாங்குச்சி

இதையெல்லாம் படிக்கும்போது, நாம் அப்படிச் செய்வதில்லை என்று தோன்றலாம். சாதிக் கொடுமையும் வீட்டுச் சண்டையும் ஒன்றல்லதான். ஆனால், `பேசாமல் இருந்தே தண்டிப்பது' என்ற ஆயுதம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மனைவியிடம் ஒரு வாரம் பேசாத கணவர். மார்க் குறைந்ததால் பிள்ளையிடம் முகம் கொடுக்காத அம்மா. ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் புது வாட்ஸ்அப் குரூப் தொடங்கும் தோழிகள். ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது அழைக்கப்படாத ஒருவர். வேலைக்கார அம்மாவுக்கென்று பின்கட்டில் தனியாக வைத்திருக்கும் ஒரு டம்ளர்.

கோபம் வந்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது இயல்பு. `எனக்கு இப்ப கோபமா இருக்கு, சாயங்காலம் பேசலாம்' என்று சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவருக்குக் கதவு திறந்திருப்பது தெரியும். சொல்லாமல் நாள்கணக்கில் மௌனமாக இருப்பதுதான் தண்டனை ஆகிறது. குறிப்பாகக் குழந்தைகளுக்கு. தான் செய்தது தப்பு என்று அது எடுத்துக்கொள்ளாது, தானே தப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் `என்ன மார்க்' என்று கேட்பதோடு, `இன்னிக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?' என்றும் கேளுங்கள். `யாரும் இல்ல' என்ற பதில் தொடர்ந்து வந்தால் ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரே ஒருவர் போதும்

இத்தனை சோதனைகளுக்கு நடுவே ஒரு நல்ல செய்தியும் கிடைத்திருக்கிறது. நேதன் டிவால் என்ற உளவியலாளரும் வில்லியம்ஸ் உள்ளிட்ட சிலரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒதுக்கப்பட்டவர்களிடம் எழும் கோபமும் ஆக்ரோஷமும், குழுவில் ஒரே ஒருவர் சேர்த்துக்கொண்டாலே குறையத் தொடங்குகிறது என்று அதில் தெரிய வந்தது. எல்லோரும் மாற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பந்தை வீச ஒரு கை இருந்தால் போதும், காயம் ஆற ஆரம்பிக்கிறது.

சட்டம் தண்டிக்கட்டும். அது அவசியம். ஆனால் தோட்டத்தில், டீக்கடையில், வகுப்பறையில், வீட்டுப் பின்கட்டில் போலீஸ் நின்றுகொண்டிருக்க முடியாது. அங்கே நிற்பவர் நாம்தான். டீ ஊற்றும் நேரத்தில், எல்லோருக்கும் எடுக்கும் அதே டம்ளரை இன்னொருவருக்கும் எடுப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

உதவி தேவைப்பட்டால்: சாதி வன்கொடுமை குறித்துப் புகார் செய்ய 14566, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.